மற்றப் பிரபஞ்சத்து மதில்

அரூஸ் சேரோடு ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவது முன்பெல்லாம் எனக்கு ஒரு தண்டனை. கண்டியில் ஏறி உட்கார்ந்ததும் தொடங்கிவிடுவார். பேராதனை தாண்டி ஒரு வளைவு வந்தால் போதும். டிரைவர் இந்த வேகத்தில் திருப்பினால் நாங்கள் எந்தப் பக்கம் சாய்வோம், மிதிபலகையில் தொங்குகிறவர் எந்தத் திசையில் போய் விழுவார் என்று பக்கத்துச் சீட்டுக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி விளக்குவார். தொங்குகிறவர் அதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்து நிற்பதும் உண்டு. நான் பிலிமத்தலாவையில் இறங்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பேன். நான் இரசாயனவியல் படிப்பிக்கிறவள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு எனக்குப் பாடம் வேண்டாம்.

இப்போது அவர் பஸ்ஸில் வாயே திறப்பதில்லை. நானாகப் பேச்சுக் கொடுத்தாலும் "ம்" என்பார், அவ்வளவுதான். அந்தப் பழைய தண்டனை திரும்பக் கிடைக்காதா என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது. கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

அரூஸ் சேரின் சொந்த ஊர் கடுகண்ணாவை. அவருடைய வாப்பா அங்கே மளிகைக்கடை வைத்திருந்தவர். கடையில் உட்கார வைத்தால் சாமானை நிறுத்துக் கொடுக்காமல் வந்தவர்களுக்குத் தராசு வேலைசெய்யும் விதத்தை விளக்கிக்கொண்டிருப்பான், இவனைப் படிக்க அனுப்புவதுதான் வியாபாரத்துக்கு நல்லது என்று வாப்பாவே முடிவெடுத்தாராம். இதை அரூஸ் சேர்தான் பெருமையாகச் சொல்வார். படித்து முடித்துக் கண்டியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் ஆசிரியராக வந்தவர், வேறு எங்கும் மாற்றம் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றத்தில் வந்து, யாரையும் தெரியாமல் ஆசிரியர் அறையின் மூலைக் கதிரையில் நான் உட்கார்ந்திருந்த முதல் நாளில், எழுந்து வந்து பேசிய ஒரே ஆள் அவர்தான். கண்டியில் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை யாழ்ப்பாணத்தைவிடச் சற்றுக் குறைவு, அதனால் தேத்தண்ணீர் பிடிக்காவிட்டால் எங்களைக் குறை சொல்லாதீர்கள் என்றார். வரவேற்பு அதுதான்.

அவருடைய மனைவி ஸுமைரா. அவர்கள் பக்கத்தில் மூத்த சகோதரியைத் தாத்தா என்பார்கள். எனக்குத் தாத்தா என்றால் அப்பாவின் அப்பா. ஸுமைராவை அப்படிக் கூப்பிட நா வரவில்லை, அக்கா என்றே கூப்பிட்டேன். அவருக்கும் அது பிடித்திருந்தது. அவர்களுக்கு ஒரே பிள்ளை, நுஸ்ஹா. கணிதப் பிரிவில் உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எடுபடும்வரை வீட்டில் இருந்தாள். வாப்பாவோடு வாய் கொடுப்பதுதான் அவளுடைய முழுநேர வேலை.

ஒரு பெருநாளன்று அந்த வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்ட சண்டை எனக்கு இன்னும் காதிலேயே நிற்கிறது. நுஸ்ஹா போனில் ஏதோ வீடியோக்களைப் பார்த்திருக்கிறாள். எங்களுடைய பிரபஞ்சம் ஒன்றுதான் இருக்கிறது என்று நினைப்பது சரியில்லை, வேறு பிரபஞ்சங்களும் இருக்கலாம், அங்கே ஈர்ப்பின் பலம் வேறாக இருக்கலாம், ஒளியின் வேகம்கூட வேறாக இருக்கலாம், வாப்பா கரும்பலகையில் எழுதும் விதிகள் எல்லாம் இந்தப் பிரபஞ்சத்தின் ஊர் வழமை மட்டும்தான் என்றாள். அரூஸ் சேருக்கு 'ஊர் வழமை' என்ற சொல்தான் பொறுக்கவில்லை. கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். கண்டியில் விழுகிற கல் யாழ்ப்பாணத்திலும் விழும், சந்திரனிலும் விழும், கண்ணுக்கெட்டாத நட்சத்திரத்திலும் அப்படியே விழும், எல்லா இடத்திலும் செல்லுபடியாகாத ஒன்றை விதி என்று யார் சொல்வார், வேண்டுமானால் டீச்சரிடம் கேள் என்றார்.

"எங்கட பக்கம் மலையே இல்லை சேர். கல்லு எங்க இருந்து விழுறது?" என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். நுஸ்ஹா மட்டும் விடவில்லை. போய்ச் சோதித்துப் பார்க்க முடியாத இடத்தைப் பற்றி வாப்பா எப்படி இவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்று கேட்டாள். அது நல்ல கேள்வி. சோதிக்க முடியாது என்றால் நீயும் பேசக்கூடாது நானும் பேசக்கூடாது என்று அவர் மழுப்பினார். நீங்கள் தொழுகையில் அல்லாஹ்வை எல்லா உலகங்களுக்கும் இறைவன் என்றுதானே சொல்கிறீர்கள், உலகம் ஒன்றுதான் என்றால் அப்படிச் சொல்வானேன் என்று அவள் மடக்கினாள். ஸுமைரா அக்காவுக்கு இதில் ஒன்றிலும் அக்கறை இல்லை. எந்த உலகத்திலும் வட்டிலப்பம் ஆறினால் நன்றாக இராது, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு தின்னுங்கள் என்றார்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டிப் பக்கத்தில் சமதரை நிலம் நினைத்தவுடன் கிடைக்கிற சாமான் இல்லை. எல்லோரையும் போல இவர்களும் கடுகண்ணாவையில் மலைச் சரிவை வெட்டி, வெட்டிய இடத்தில் வீட்டைக் கட்டி, பின்பக்கத்து மண் இறங்காமலிருக்க ஒரு மதில் எழுப்பியிருந்தார்கள். மதிலுக்கும் குசினிக்கும் இடையில் உடுப்பு உலர்த்தும் அளவுக்குத்தான் இடைவெளி. மண்ணின் பாரம் எவ்வளவு, மதில் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, மேசன் சொன்னதைவிடத் தடிப்பாகவே அரூஸ் சேர் கட்டுவித்திருந்தார். அதைப் பற்றியும் பஸ்ஸில் கேட்டிருக்கிறேன்.

மழைக்காலம் தொடங்கியபோது அந்த மதிலில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு விழுந்தது. நூல் அளவு வெடிப்புதான். பயப்படவேண்டியதா இல்லையா என்று அறிய அவர் ஒரு வழி செய்தார். அது பொறியியலாளர்கள் செய்கிற பழைய வேலைதான். வெடிப்புக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டால், மதில் கொஞ்சம் அசைந்தாலும் கண்ணாடி முறிந்துவிடும். முறிந்தால் மதில் நகர்கிறது, முறியாவிட்டால் நகரவில்லை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கீறல் விழுந்ததால் கழித்துவிட்ட நுணுக்குக்காட்டிக் கண்ணாடித் துண்டு ஒன்றை என்னிடம் கேட்டு வாங்கிப் போனார். வீட்டில் நுஸ்ஹாவுக்காக அவரே கண்ணாடித் தட்டுகளை ஒட்டிச் செய்த மீன்தொட்டி ஒன்று இருந்தது. அதை ஒட்டிய சிலிக்கன் பசை குழாயில் மிச்சமிருந்தது. வருஷக்கணக்காகத் தண்ணீர் நிற்கும் தொட்டியே ஒரு சொட்டும் ஒழுகவில்லை, மழை என்ன செய்யும் என்று அந்தப் பசையையே இரண்டு முனையிலும் தாராளமாகப் பிதுக்கி ஒட்டினார்.

அதற்குப் பிறகு பல நாட்கள் பஸ்ஸில் இதே பேச்சுத்தான். மதில் என்னோடு பேசுகிறது, கண்ணாடிதான் அதன் வாய் என்பார். எங்கள் பஸ்ஸில் வருகிற பாதிப் பேருக்கு அந்த மதிலைப் பற்றித் தெரியும்.

கார்த்திகையில் அந்தப் புயல் வந்தது. எந்தப் புயல் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மழை நிற்காமல் பெய்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில், மேட்டுப்பக்கம் இருக்கிறவர்கள் எல்லோரும் இறங்கிப் பள்ளிவாசலுக்கு வரும்படி அறிவித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் போனார்கள். ஸுமைரா அக்காவும் ஒரு பையில் உடுப்புகளையும் அடையாள அட்டைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார். அரூஸ் சேர் குடையைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய்ப் பார்த்தார். சேற்றுத் தண்ணீர் மதில் மேலால் வழிந்துகொண்டிருந்தது. கண்ணாடி முழுதாக இருந்தது. வெடிப்புத் தெரியவில்லை, அவரும் வெடிப்பைத் தேடவில்லை. அவர் பார்க்கப் போனது கண்ணாடியைத்தான்.

உள்ளே வந்து, மதில் அசையவில்லை, பாதையில் மரங்கள் முறிந்து கிடக்கின்றன, இந்த மழையில் வழுக்கிக்கொண்டு இறங்குவதுதான் ஆபத்து, வீட்டிலேயே இருப்போம் என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் ஸுமைரா அக்கா கேட்டிருக்க மாட்டார். சொன்னது அரூஸ் சேர். அக்கா பையைத் திறந்து உடுப்புகளை மறுபடி அலுமாரியில் வைத்தார். நுஸ்ஹா எல்லோருக்கும் தேத்தண்ணீர் போடுகிறேன் என்று குசினிக்குப் போனாள்.

மதிலும் அதற்குப் பின்னால் இருந்த மலையும் ஒன்றாக வந்தன. குசினி இருந்த இடத்தில் குசினி இல்லை. முன் அறையில் இருந்த இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் மண்வெட்டியோடு ஓடிவந்து, அன்று பகலே பிள்ளையை எடுத்தார்கள். மழையிலேயே அடக்கமும் முடிந்தது. மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. ஸுமைரா அக்கா தெரிந்தவர் வீட்டு வாசலில் நின்று, சந்தூக்குப் பெட்டியை ஆண்கள் தூக்கிக்கொண்டு வளைவில் திரும்பும்வரை பார்த்தாராம். பாதை திறந்த பிறகுதான் நான் போக முடிந்தது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

பிறகு அவர்கள் இருவரையும் ஸுமைரா அக்காவின் தம்பி பஹ்மி பிலிமத்தலாவைக்குக் கூட்டிவந்து தன் கடைக்கு மேல்மாடியில் வைத்துக்கொண்டார். பழைய வீட்டு முன் அறையில் தப்பியவற்றில் இரண்டைத்தான் அக்கா கேட்டு எடுப்பித்தார். ஒன்று சார்ஜில் போட்டிருந்த நுஸ்ஹாவின் போன். மற்றது மீன்தொட்டி. தொட்டியில் தண்ணீர் கலங்கியிருந்ததே தவிர மீன்கள் எல்லாம் உயிரோடு இருந்தன.

மையத்து வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மாஸ்டர் கண்ணாடியெல்லாம் ஒட்டிப் பார்த்தாரே, ஒன்றும் தெரியவில்லையா? ஸுமைரா அக்கா எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். கண்ணாடி உடையவே இல்லை. மண் வந்த பிறகும் அது முழுதாகவே இருந்தது. அல்லாஹ் நாடினால் எந்த அறிகுறியும் காட்டாமல் எடுத்துக்கொள்வான். கேட்டவர்கள் தலையசைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துப் போனார்கள். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா காலையில் படுக்கையை விட்டு எழுந்தார். யாரும் எதுவும் செய்திருக்க முடியாது என்பதுதான் அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே ஆறுதல்.

கண்ணாடி முழுதாக இருந்தது என்பது உண்மைதான். அதைக் கண்டு எடுத்துவந்தவர் அரூஸ் சேர். பள்ளிக்கூடம் திறந்து சில நாட்களில், ஆய்வுகூடத்தில் நான் தனியாக இருந்தபோது வந்து, சட்டைப்பையிலிருந்து அதை எடுத்து என் முன்னால் வைத்தார். மதிலின் ஒரு மூலை மட்டும் விழாமல் நின்றது, அதில் தொங்கிக்கொண்டிருந்தது என்றார். கண்ணாடியின் ஒரு முனையில் சிலிக்கன் கட்டியாக ஒட்டியிருந்தது. அவர் அதை விரலால் இழுத்தார். றப்பர் மாதிரி நீண்டது. விட்டதும் பழைய இடத்துக்கு வந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. சீமெந்தால் ஒட்டியிருந்தால் மதில் அசைந்த அன்றே கண்ணாடி முறிந்திருக்கும். இது மதிலோடு சேர்ந்து நீண்டு கொடுத்திருக்கிறது. மதில் நாள் கணக்காக நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது, கண்ணாடி ஒன்றும் சொல்லவில்லை. மீள்தன்மை என்ற பாடத்தை ஒவ்வொரு வருஷமும் படிப்பிக்கிற மனுசன் செய்த வேலை இது.

"அக்காவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

தெரியாது, அவள் கேட்கவில்லை என்றார். கேட்டாலும் சொல்லிப்போடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனார். அதை எறிந்துவிடும்படியும் சொன்னேன். அந்த மனுசன் கேட்கவில்லை.

இதற்கிடையில் ஸுமைரா அக்கா நுஸ்ஹாவின் போனில் இருந்த வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். மகள் பார்த்தது, மகள் சேமித்து வைத்தது என்பதற்காகத்தான் முதலில் பார்த்தார். பாதி விளங்கியிருக்காது. ஆனால் மகள் அன்று சாப்பாட்டு மேசையில் என்ன சொன்னாள் என்பது இப்போதுதான் அவருக்கு விளங்கியது. வேறு பிரபஞ்சங்கள் இருக்கின்றன. அங்கே மண் இப்படித்தான் விழவேண்டும் என்று சட்டமில்லை. அப்படியானால் மதில் விழாத ஒரு இடமும் இருக்கலாம், அங்கே பிள்ளை தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு குசினியிலிருந்து வெளியே வந்திருக்கலாம். அன்று வட்டிலப்பம் ஆறுகிறதே என்று கவலைப்பட்ட மனுசி, மகள் விட்டுப்போன சண்டையை மகளின் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு நாளும் அரூஸ் சேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டாராம். அவள் சொன்னது சரியா, நீங்கள் சொன்னது சரியா? யாருக்கும் தெரியாது என்று அவர் ஒவ்வொரு நாளும் சொன்னார். அது பொய் இல்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அது ஒரு பதிலும் இல்லை. அக்கா ஒழுங்காகச் சாப்பிடுவதை விட்டார். பஹ்மி கடையிலிருந்து எனக்குப் போன் எடுத்து, டீச்சர், மச்சானிடம் நீங்களாவது ஒருக்கால் சொல்லிப் பாருங்கள் என்றார்.

அன்று பஸ்ஸில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாழ்க்கை முழுக்கக் கேட்காதவர்களுக்கெல்லாம் பௌதிகவியல் சொன்ன ஆள், கேட்கிற ஒரே ஆளிடம் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாரே என்றிருந்தது.

"ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன் சேர். சொன்னாக் குறைஞ்சோ போவியள்?"

அவர் தணிந்த குரலில் விளக்கினார். நுஸ்ஹா சொன்னபடி விதிகள் வேறாக இருக்கிற பிரபஞ்சம் என்றால், அங்கே மதில் விழாது என்பது மட்டுமில்லை, மதிலே இராது. ஈர்ப்பைக் கொஞ்சம் கூட்டினால் நட்சத்திரங்கள் அவசரமாக எரிந்து முடிந்துவிடும். அணுவுக்குள் இருக்கிற பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் காபன் உண்டாகாது. காபன் இல்லாமல் என்ன உயிர், டீச்சருக்கு நான் சொல்ல வேண்டுமா? நுஸ்ஹா சொன்னது சரி என்றால் அங்கே நுஸ்ஹா இல்லை. இதை ஸுமைராவிடம் எப்படிச் சொல்வது?

நான் யோசித்தேன். அப்படியென்றால் மற்றதைச் சொல்லுங்கள் என்றேன். விதிகள் இங்கே மாதிரியே இருக்கிற வேறு ஒரு பிரபஞ்சம் இருந்தால், அங்கே பிள்ளை இருக்கலாம்தானே. அதே விதிகள், அதே மலை, ஆனால் ஏதோ ஒன்று கொஞ்சம் வேறு மாதிரி நடந்திருக்கும். அது பொய்யா என்று கேட்டேன்.

பஸ் பிலிமத்தலாவைக் கடைகளுக்குள் வந்துவிட்டது. அவர் எழுந்து நின்று, "பொய் இல்ல" என்றார்.

அவர் முகத்தில் அன்றைக்குத்தான் கொஞ்சம் வெளிச்சத்தைக் கண்டேன். நீங்களும் வாங்க டீச்சர் என்றார். நானும் அவரோடேயே பஹ்மியின் மேல்மாடிக்கு ஏறினேன்.

ஸுமைரா அக்கா ஜன்னலோரம் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். கீழே பெருந்தெருவில் லொறிகள் போய்க்கொண்டிருந்தன. அரூஸ் சேர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். வகுப்பில் பேசுகிற மாதிரித் தெளிவாகப் பேசினார். நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், வேறு பிரபஞ்சம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது, அதை நான் மாற்றிச் சொல்லமாட்டேன், ஆனால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம் என்று தொடங்கினார். விதிகள் மாறிப்போன இடத்தில் மனிதர்கள் இருக்க முடியாது. எங்கள் பிள்ளை இருக்கிறாள் என்றால், இங்கே இருக்கிற அதே விதிகள் செல்லுபடியாகிற இடத்தில்தான் இருப்பாள்.

"அங்க அவள் ஈக்கிறாளா?" என்று அக்கா கேட்டார்.

"ஈக்கலாம்."

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு அவர் பழைய ஸுமைரா அக்காவாகவே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கதிரையை இவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அங்கே என்ன நடந்திருக்கும், மதில் விழவில்லையா என்று கேட்டார். மதில் விழும் என்றார் அரூஸ் சேர். மழை அப்படி, மண் அப்படி, விழாமல் இருக்க முடியாது. ஆனால் நாங்கள் உள்ளே இருந்திருக்க மாட்டோம். கண்ணாடி உடைந்திருக்கும், நான் பார்த்திருப்பேன், எல்லோருமாகப் பள்ளிவாசலுக்குப் போயிருப்போம் என்றார்.

கண்ணாடிப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவருக்கு உறைக்கவில்லை. சொல்லி முடித்த ஆறுதலோடு உட்கார்ந்திருந்தார்.

அக்கா உயர்தரம் படித்தவர் இல்லை. ஆனால் அந்த வீட்டில் இத்தனை வருஷமாகச் சாப்பாட்டோடு சேர்த்து இந்தப் பேச்சையும் பரிமாறியவர்.

"ரெண்டு எடத்துலயும் ஒரே விதி எண்டு சொல்றீங்க. அப்ப அங்க ஒடைஞ்ச கண்ணாடி இங்க ஏன் ஒடையல்ல?"

நான் வாய் திறந்தேன். என்ன சொல்ல நினைத்தேன் என்று எனக்கே தெரியாது. அதற்குள் அரூஸ் சேர் சட்டைப்பையில் கையை விட்டுவிட்டார். அல்லாஹ்வின் நாட்டம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்கா ஏற்றுக்கொண்டிருப்பார், இவ்வளவு நாளும் அதைத்தானே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் இந்த மனுசனுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். தெரிந்த பதிலைத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வராது. கண்ணாடியை எடுத்துக் கட்டிலில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னார். எதனால் ஒட்டினார், ஏன் அதனால் ஒட்டினார், அது எப்படி நீண்டு கொடுத்தது, எதனால் ஒட்டியிருக்க வேண்டும், ஒன்றையும் விடவில்லை. விதி இங்கேயும் தவறவில்லை ஸுமைரா, நான்தான் தவறிவிட்டேன் என்றார்.

அக்கா கண்ணாடித் துண்டைத் தொடவில்லை. எழுந்து மீன்தொட்டிக்குப் பக்கத்தில் போய், இரண்டு கண்ணாடித் தட்டுகள் ஒட்டியிருக்கிற மூலையில், மேல் விளிம்பில் பிதுங்கி நின்ற சிலிக்கனை நகத்தால் அமத்திப் பார்த்தார். அமிழ்ந்தது. விரலை எடுத்ததும் பழையபடி வந்தது. மறுபடியும் அமத்திப் பார்த்தார்.

எங்கள் பக்கம் திரும்பாமலேதான் கேட்டார். சாப்பிட்டீர்களா என்று கேட்கிற அதே குரல்.

"விதியும் ஒண்டு, மலையும் ஒண்டு எண்டா, அங்கயும் கண்ணாடி ஒட்டுறது நீங்க தானே?"

அரூஸ் சேர் கட்டிலில் இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஓ," என்றார். "நான்தான்."

அக்கா தலையசைத்தார். ஜன்னல் கட்டையில் இருந்த நுஸ்ஹாவின் போனை எடுத்து ஓஃப் பண்ணி அலுமாரிக்குள் வைத்து மூடினார். பிறகு தீன் டப்பாவைத் திறந்து மீன்களுக்குத் தீன் போட்டார்.